முறுக்குக் கட்டடத்தில் ஒரு கிழக்கு வாசல்

1

இந்த மாதத்தோடு நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து பத்து வருஷம் முடிகிறது. எங்கள் ஊர் நகரியிலிருந்து யார் போன் பண்ணினாலும், "அந்த முறுக்கிக்கினு நிக்கிற பில்டிங்குலதான கீறீங்க இன்னும்?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். அதில்தான் இருக்கிறோம். துபாயில், கடல் ஊருக்குள் வளைந்து வரும் ஒரு கால்வாய் ஓரமாக, பிழிந்த ஈரத்துணி போல அடியிலிருந்து நுனிவரை உடம்பைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது அது. அதற்கு வரைபடம் போட்டவர்களில் நான் ஒருத்தி. மாடி மாடியாக அளந்து கொடுத்த சர்வேயர்களில் என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் ஒருவர். நாங்கள் இரண்டு பேர் மட்டுமே சேர்ந்து கட்டியதாக ஊரில் பேச்சு. மறுத்துப் பார்த்து அலுத்துவிட்டது, இப்போதெல்லாம் மறுப்பதில்லை.

பத்து வருஷத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் மாடி வீட்டுப் பெண் வந்து ஒரு சின்னச் சந்தேகம் கேட்டாள். எழுத நினைத்ததெல்லாம் வேறாகிவிட்டது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். இங்கே வேலை இருக்கும்வரைதான் விசா. நான் வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது, இவர் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வீடு சொந்தமாக இருப்பதால் வேறொரு வகை விசாவுக்கு மனுப் போடலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை, கைரேகை, கல்யாணச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். எங்கள் சான்றிதழ் தெலுங்கில் இருக்கிறது. அதை இங்கிலீஷாக்கி, இங்கிலீஷை அரபியாக்கி வாங்கிப் பார்த்தால் கஸ்தூரி என்ற என் பேர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பையன், "ஆந்திரா என்றால் தெலுங்குதானே, நீங்கள் ஏன் தமிழ் பேசுகிறீர்கள்?" என்று வேறு கேட்டான். எங்கள் பக்கம் தமிழ்நாட்டு எல்லைக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீஸிலும் தெலுங்கு என்று சொன்னேன். அவன் கேட்டதும் கேட்காததுமாக அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள நான் தயார். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். இவருக்கு என்ன வேண்டும் என்று இவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வடமாலபேட்டையில், சென்னை ரோட்டுக்குப் பக்கத்தில், இவருடைய நைனா, அதாவது அப்பா, கொடுத்த மனை ஒன்று அஸ்திவாரத்தோடு கிடக்கிறது. சரி, கிளம்பலாம் என்று ஒரு நாள் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடுதான் இந்த வருஷம் முழுக்கக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2

ஊரை நினைத்து நான் உருகுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்கவும். நகரியில் எங்கள் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம் என்று சொல்வதைவிட, இரண்டு விசைத்தறிகள் குடியிருந்தன, நாங்கள் அவற்றுக்கு ஒண்டுக்குடித்தனம் இருந்தோம் என்று சொல்வதுதான் சரி. பெரிய அறை தறிகளுக்கு. மிச்சமிருந்த சந்தில் அம்மா சமைப்பாள், நாங்கள் படிப்போம், தூங்குவோம். ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று அதையும் ஆணி அடித்து மூடியிருந்தார் என் நைனா. மின்சாரம் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். மெஷின் இல்லாத ஒரு வீட்டில் ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அந்த வயதில் இருந்த ஒரே லட்சியம்.

திருப்பதியில் சிவில் டிப்ளமோ முடித்த தொண்ணூறுகளில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடச் சொல்லித்தரும் கடைகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்தன. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நான் சேர்ந்தேன். அங்கே ஏசி உண்டு, எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. எங்கே போனாலும் மெஷினுக்குத்தான் மரியாதை என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குளிர்ந்த அறைதான் என்னைச் சென்னைக்கும், கல்யாணத்துக்குப் பிறகு துபாய்க்கும் தூக்கிக்கொண்டு வந்தது. இவர் எனக்கு முன்பே வந்து பாலைவனத்தில் ரோடு அளந்துகொண்டிருந்தார். நான் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் நினைத்ததைக் கோடாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்த புதிதில் ஆபீஸில் தஞ்சாவூர்க்காரப் பெண் ஒருத்தியிடம், "துன்னுட்டியா?" என்று பாசமாகக் கேட்டேன். மேஜை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து ஆபீஸில் சாப்பிட்டீர்களா, வீட்டில் துன்னுட்டியா. எங்கள் மகள் நிவேதா இரண்டையும் விட்டுவிட்டு இங்கிலீஷில் கேட்கிறாள். இப்போது கனடாவில் இருக்கிறாள். எந்த ஊர் என்று அங்கே யாராவது கேட்டால், நகரி என்றும் சொல்வதில்லை, துபாய் என்றும் சொல்வதில்லை. போனில் இந்தக் கட்டடத்தின் படத்தை எடுத்துக் காட்டுகிறாளாம்.

3

கட்டடம் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். மேலே போய்ப் பிடித்துத் திருகினார்களா என்று கேட்டவரும் உண்டு, என் மைத்துனர்தான்.

விஷயம் எளிது. ஒரே ஒரு மாடிக்கு வரைபடம் போட்டால் போதும். அதற்கு மேல் மாடியும் அதே படம்தான், கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும், ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. அதற்கு மேல் இன்னும் ஒரு டிகிரி. அடுக்கிய தோசைகளை ஒவ்வொன்றாகத் துளி துளி திருப்பி வைத்த மாதிரி. உச்சிக்குப் போகும்போது கட்டடம் கால்வட்டம் சுற்றியிருக்கும். நடுவில் மட்டும் ஒரு வட்டமான கான்கிரீட் குழாய் திரும்பாமல் நேராக மேலே போகிறது. லிஃப்டும் படிக்கட்டும் தண்ணீர்க் குழாய்களும் அதற்குள்தான். லிஃப்ட் முறுக்கிக்கொண்டு ஏற முடியாதல்லவா.

எளிது என்று சொன்னது படத்தில். கட்டும்போது ஓரத்துத் தூண்களில்தான் வம்பு. கீழ்மாடித் தூண் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த தூண் நிற்காது, ஒரு கை நகர்ந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தூணும் கொஞ்சம் சாய வேண்டும். அத்தனை தூண்களும் ஒரே பக்கமாகச் சாய்வதால், எடை ஏற ஏறக் கட்டடம் மொத்தமும் இன்னும் திரும்பப் பார்க்கும். எவ்வளவு திரும்பும் என்று கணக்குப் போட்டு, அதற்கு எதிராகக் கொஞ்சம் விட்டுப் பிடித்துக் கட்ட வேண்டும். அந்தக் கணக்குப் பெரிய பெரிய ஆட்களுடையது. அவர்கள் சொன்ன எண்ணைப் படத்தில் ஏற்றுவது என் வேலை, படத்தில் இருப்பதை நிஜத்தில் நிறுத்துவது இவர் வேலை.

இவர் விடிகாலையில்தான் அளப்பார். வெயில் ஏறிவிட்டால் கட்டடத்தின் ஒரு பக்கம் சூடாகி விரிந்து, மொத்தமும் மறுபக்கம் சாயும், கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதனால் சூரியன் வருவதற்கு முன், தளத்தில் விட்டிருக்கும் சின்னத் துளை வழியாகக் கீழேயிருந்து லேசர் ஒளி வரும்போது குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு மாடி சரியா உக்காந்துக்கிச்சி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் கூலி கொடுக்க வேண்டும் என்பது போல இருப்பார்.

மாடிகள் உயர உயர எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. மூலையில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்த ஒரு வகை வீடு உண்டு. அதை நான் நூறு தடவையாவது வரைந்திருப்பேன். வரைந்து வரைந்து அதில் மனசுக்குள் குடித்தனமே நடத்தினேன். அடுப்பை எங்கே வைப்பேன், துணியை எங்கே காயப்போடுவேன் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது.

4

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் வாஸ்து. மாப்பிள்ளை குணம் பார்க்காமல் பெண் கொடுப்பவர்கள்கூட வாசல் திசை பார்க்காமல் வாடகைக்குப் போக மாட்டார்கள். இவர் அதிலும் தீவிரம். பாகாலாவில் வாஸ்துவும் நாளும் பார்த்துச் சொல்லும் ஒரு சித்தாந்தி இருந்தார். ரயில் மாறுவதற்காக அந்த ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் சுருட்டிய வீட்டுப் படத்தோடு அவர் வாசலில் நிற்பார்கள். வடமாலபேட்டை மனைக்கு அஸ்திவாரம் போட முகூர்த்தம் குறித்தவரும் அவர்தான்.

இங்கே வீடு வாங்கலாம் என்று நான் சொன்னபோது, இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சித்தாந்திகிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்" என்றார். வேறு வேறு கட்டடங்களில் நான் பார்த்த மூன்று வீடுகளின் படம் பாகாலாவுக்குப் போனது. மூன்றுக்கும் அவர் போனில் தெலுங்கில், "ஒத்து நாயனா" என்று சொல்லிவிட்டார். வேண்டாமாம். ஒன்றில் வாசல் தெற்கு, ஒன்றில் வடகிழக்கு ஈசான்ய மூலையில் கழிவறை, இன்னொன்றில் எல்லாமே கோணல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதை நேராகச் சொல்லாமல், இவர் சித்தாந்தியை முன்னால் தள்ளுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வரைந்த கட்டடத்தில் ஒரே வீடு மாடிக்கு மாடி திரும்புகிறது. அப்படியென்றால் அதன் வாசலும் திரும்புகிறது. கீழே வடகிழக்கைப் பார்க்கும் வாசல், மேலே போகப் போகக் கிழக்கைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? கணக்குப் போட்டேன். முப்பத்தேழாவது மாடியில் என் மூலை வீட்டின் வாசல் அச்சாகக் கிழக்கு. சமையலறை ஆக்னேயத்தில், அதாவது அக்னி இருக்க வேண்டிய தென்கிழக்கு மூலையில். பூஜைக்கு ஈசான்யம். உலகத்தில் எந்த ஊர்க்காரிக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. வாஸ்து பார்த்து வீட்டைக் கட்டுவார்கள், நான் வீடு சுற்றிக்கொண்டு வாஸ்துவுக்கு வந்து சேரும் மாடியைக் கண்டுபிடித்தேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து இவரிடம் காட்டினேன். இவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, அனுப்பு" என்றார். பாகாலாவிலிருந்து, "பலே வாஸ்து நாயனா, கண்ண மூடிக்கினு வாங்கிக்கோ" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் அதுவரை சேர்த்ததை எல்லாம் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, பால் காய்ச்சினோம்.

5

போன வாரம் எங்கள் தலைக்கு மேலே முப்பத்தெட்டாவது மாடிக்கு ஷபானா என்ற பெண் குடிவந்தாள். ஆம்பூர்க்காரி, கல்யாணமாகி ஒரு வருஷம். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் சாயந்திரம் கீழே வந்து, "அக்கா, தொழுவறதுக்கு கிப்லா எந்தப் பக்கம்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்றாள்.

கிப்லா என்பது மக்கா இருக்கும் திசை. அந்தப் பக்கம் பார்த்துத்தான் அவர்கள் தொழ வேண்டும். இதே வகை வீட்டில் பத்துப் பன்னிரண்டு மாடிக்குக் கீழே இருக்கும் அவளுடைய தோழி, டிவி சுவரைப் பார்த்துத் தொழு என்று சொல்லியிருக்கிறாள். இவள் போனில் பார்த்தால் அது வேறு பக்கம் காட்டுகிறது. குழம்பிவிட்டாள். பாவம், முறுக்குக் கட்டடத்தில் ஒரு மாடித் திசை இன்னொரு மாடிக்கு ஆகாது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தப் பில்டிங்க வரைஞ்சதே நான்தான், என்னக் கேளு" என்று பழைய தாளைத் தேடி எடுத்து விரித்தேன். வாசல் கிழக்கு, எதிரே இருக்கும் கண்ணாடிச் சுவர் மேற்கு, மக்கா இங்கிருந்து மேற்கில் கொஞ்சம் தெற்கே தள்ளி. "கண்ணாடியப் பாத்து நில்லு, இம்மாத்தூண்டு இடது பக்கம் திரும்பு, அவ்ளோதான்."

அவள் போனை நீட்டினாள். அம்புக்குறி கண்ணாடியைத் தாண்டி இடது மூலைக்கே போய் நின்றது. "சுவர் பூரா கம்பி, அதான் காந்த முள்ளு தடுமாறுது" என்றேன். அதுவும் உண்மைதான், கட்டடத்துக்குள் திசைகாட்டியை நம்ப முடியாது.

ஷபானா கண்ணாடி ஓரம் போய்க் கீழே பார்த்தாள். அங்கே கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. பத்து வருஷமாக அதன் கூரையைப் பார்த்துத்தான் நான் காய் நறுக்குகிறேன். "அக்கா, அந்தப் பள்ளி நீங்க சொல்ற பக்கம் பாத்துக்கினு இல்லியே" என்றாள். "ரொம்ப அந்தாண்ட திரும்பிக் கீது. பள்ளிவாசல் தப்பா நிக்குமாக்கா?"

நிற்காது. உலகத்தில் எந்தக் கட்டடம் கோணலாக நின்றாலும் பள்ளிவாசல் கிப்லாவுக்கு நேராகத்தான் நிற்கும். பள்ளிவாசலின் சுவரையும் எங்கள் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் சொன்ன திசைக்கும் அது பார்க்கும் திசைக்கும் நடுவில் நாற்பது டிகிரிபோல இடித்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்து, பள்ளிவாசல் பார்க்கும் பக்கமே பார்த்துத் தொழச் சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

பிறகு தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. பெரிய கட்டடங்களுக்குப் படம் போடும்போது நிஜ வடக்கை வைத்துப் போட மாட்டோம். மனை கால்வாயை ஒட்டிச் சாய்ந்து கிடந்தால், தாளில் எல்லாம் சாய்ந்து வரும், வரைய வசதிப்படாது. அதனால் மனையை நேராகத் திருப்பி வைத்து, தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட் நார்த் என்று அதற்குப் பேர். நிஜ வடக்கு ஏதோ ஒரு பொதுப் படத்தின் மூலையில் சின்ன அம்பாக இருக்கும். வருஷக்கணக்கில் அந்தத் தாளுக்குள்ளேயே குடியிருந்த எனக்கு, தாளின் வடக்கே வடக்காகிவிட்டது. அதை வைத்துக் கணக்குப் போட்டுக் கிழக்கு வாசல் கண்டுபிடித்து, பாகாலாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த மனிதர் பலே என்று சொன்னது இந்தப் பூமியில் இல்லாத ஒரு வீட்டை. எங்கள் நிஜ வாசல் ஆக்னேயத்தைப் பார்க்கிறது. ஆக்னேயத்தில் சமையல் இருக்கலாம், வாசல் கூடாது. நோயும் பிரிவும் வரும் என்பார்கள். சமையலறை யமனுடைய தெற்கில். கண்ணாடி வடமேற்கில்.

குளிர்காலத்தில் மேற்கு வெயில் ஏன் வீட்டுக்குள் வருவதே இல்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எதிர்க் கட்டடம் மறைக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

6

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வந்த இரண்டாம் வருஷம் மாமனார் வடமாலபேட்டையில் தவறிப்போனார். இவர்தான் மூத்த மகன். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் ஏதோ ஒரு ஆபீஸில் மாட்டிக்கொண்டது, வாங்க முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தார். இவர் போன் வீடியோவில், இந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றபடி அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு நிவேதா கனடா போனாள், வருஷத்துக்கு ஒருமுறை வருவேன் என்றவள் இரண்டு வருஷமாக வரவில்லை. இதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நம்புகிறவருக்கு அப்படி இருக்காதே. இத்தனைக்கும் காரணம் வீடுதான், வீட்டுக்குக் காரணம் இவள் போட்ட கோடுதான் என்று இவருக்குத் தெரிந்தால், அடுத்த மாதம் மூட்டை கட்டிவிடுவார். போகும்போது என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைக்கவே முடியவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. வீடும் எனக்கு நிற்கும். நிவேதாவிடம் போனில் சொன்னேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டோர்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நைனாகிட்ட சொல்லிடு, அவர் சேட் ஆவாரு, பட் சொல்லிடு" என்றாள். நைனா என்ற வார்த்தை ஒன்றுதான் அவளிடம் எங்கள் ஊர் மிச்சம்.

இவருக்குத் தெரியாமல் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அதில் இவர் கூடவே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

7

விடுமுறை நாள் காலை. இவர் ராகிச் சங்கடிக்கு, அதாவது களிக்கு, தொட்டுக்கொள்ள வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறப் போகிறவர் என்பதால் இப்போதே பழகிக்கொள்கிறாராம்.

"ஏங்க, நம்ம வாசப்படி கிழக்கு பாக்கல" என்றேன்.

"ம்."

"நான் போட்ட வடக்கு தப்பு. ப்ராஜெக்ட் நார்த்த வெச்சிப் போட்டுட்டேன். நம்ம வாசல் ஆக்னேயத்தப் பாக்குது."

"தெரியும்" என்றார். கடலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ பேப்பர் கொண்டாந்து காட்டுன அன்னிலேர்ந்து. அந்த மனைக்கு நாலு மூலையிலயும் கல்லு நட்டதே நான்தான, கஸ்தூரி. வடக்கு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிக்கினு ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சிக்கினே ஓடியாந்த. கல்யாணம் ஆனதிலேர்ந்து உன்ன நான் அப்டிப் பாத்ததில்ல. தப்புன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வரல."

நான் எதிரே உட்கார்ந்துவிட்டேன். "உங்க நைனா போனப்போ இத நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"ஸ்டென்ட் வெச்சப்போ?"

"உள்ள தள்ளிக்கினு போறப்போ அதத்தான் நெனச்சிக்கினு போனேன்."

"வீட்டாலதான்னு நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றார், மறைக்காமல். "அதுக்குத்தான கட்டில கோணையாப் போட்டேன். ஏசிக் காத்துக்குன்னு நெனச்சியா?"

எங்கள் படுக்கையறைக் கட்டில் சுவருக்குச் சேராமல் சாய்ந்துதான் கிடக்கிறது. ஏசி நேராக முகத்தில் அடிக்கிறது என்று சொல்லி இவர்தான் அப்படிப் போட்டார். அதைச் சுற்றிப் பெருக்கி, அதன் காலில் இடித்துக்கொண்டு, பத்து வருஷமாக நான் திட்டாத நாள் இல்லை. நிஜத் தெற்கில் தலை வைக்க வேண்டும் என்று அளந்து போட்டிருக்கிறார்.

"நம்பிக்கினு எப்டிங்க பேசாம இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வித்துட்டுப் போயிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ இங்க எப்டி இருப்ப? தும்முனாக்கூட நம்மாலதான்னு நெனச்சிக்கினு கெடப்ப. வீட்ட வித்தாலும் அது உன்ன விடாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் நெனச்சாப் போதும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் ஊரைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறார் என்று எத்தனை வருஷம் நினைத்தேன். இந்த மனிதரோ தன் அப்பா சாவைக்கூட என் மேல் வைக்காமல், தன்னோடேயே வைத்துக்கொண்டு, தினமும் அந்த வாசல் வழியாக வேலைக்குப் போய்வந்திருக்கிறார். நான் அழுது முடிக்கும்வரை இவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கடலையை என் பக்கம் தள்ளி, "துன்னு" என்றார்.

8

எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை, இப்போதும். இந்தக் கண்ணாடியை விட்டுப் போவது என்றால் வலிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பத்து வருஷம் இவர் என் வீட்டில் இருந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானமே, "வடமாலபேட்டைக்குப் போயிடலாங்க" என்று நானே சொன்னேன்.

"அங்க உனக்கு இன்னா கீது?" என்றார்.

"நீங்க இருப்பீங்களே."

இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, புதுப் படம் ஒன்றை ஆரம்பித்தேன். மூன்று வருஷமாக மவுஸ் பிடிக்காத கை, கொஞ்சம் தடுமாறியது. மனையின் அளவுகளை இவர் எதையும் பார்க்காமல் ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார், நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நாலு பக்கமும் மூடியதும் நிறுத்தினேன்.

"நிஜ வடக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்க. இந்த வாட்டி மொதல்ல அம்பு போட்டுட்டு அப்புறம் வீட்டப் போடறேன்."

இவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த வெறும் மனையைப் பார்த்தார்.

"நீ உனக்கு எப்டி வேணுமோ அப்டிப் போடு" என்றார். "வடக்க நான் பாத்துக்கறேன்."